கேரேஜுக்குள் வளர்ந்த வேன்

மெர்ல் டிபெட்ஸ் வாழ்நாளில் எந்தப் பாலத்திலும் இடித்தவரில்லை. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கேஸ் லாரி ஓட்டியே தலை நரைத்த மனிதர். கொலராடோவின் மேற்குப் பக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பாலம் எத்தனை அடி, எந்தப் பெட்ரோல் பங்கின் கூரை தாழ்வு, எந்தத் தேவாலயத்து மரம் கிளையை ரோட்டுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் கணவர் ஹாலிஸின் இறுதிச் சடங்கன்று சவ வண்டி கல்லறைத் தோட்டத்தின் வளைவுக்குள் நுழையும்போது, என் பக்கத்தில் நின்றுகொண்டு "பத்தடி ரெண்டு அங்குலம்" என்றார். நான் முறைத்தேன். "இல்ல ரோவீனா, தாராளமா போகும்னுதான் சொன்னேன்" என்றார். ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

நான் அவர்களுக்கு எதிர் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கத்தியே வேலை வாங்கியவள், மெல்லப் பேச வராது. மெர்லின் மனைவி லோர்னாவுக்கு என்னைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். அவளுக்கு இப்போது முகங்கள் தெரிவதில்லை, குரல்தான் அடையாளம். பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துகொண்டே வரும் நோய். ஓரமெல்லாம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்கு அப்பால் எதையோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டுப் பார்த்த டாக்டர், அடுத்த கோடையில் இந்த அளவு பார்வைகூட இருக்குமா என்று சொல்ல முடியாது எனக் கைவிரித்துவிட்டார்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மக்கிட்ரிக் முனையில் ஒரு ராத்திரி தங்கி, பள்ளத்தாக்கில் விடிவதைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் மெர்ல் கூட்டிப்போவதாகச் சொன்ன இடம். பிறகு லாரி, பிள்ளைகள், கூரை ஒழுகல் என்று ஒவ்வொரு வருடமும் அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. போன வருடம் ஒருவழியாகத் உள்ளேயே படுத்துக்கொள்ள வசதியுள்ள தங்களுடைய பழைய கேம்பர் வேனில் கிளம்பினார்கள். முனைக்கு ஒரு மைல் இருக்கும்போது பாதையின் குறுக்கே படிபோல ஒரு பாறை. வேனின் அடிவயிறு அதில் உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரம் சும்மா சுற்றியதே தவிர வண்டி அசையவில்லை. ஜீப்பில் வந்த யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் லோர்னா பேசவில்லையாம். மெர்ல் மட்டும், "ஆறு அங்குலம். ஆறே ஆறு அங்குலம் பத்தல" என்று புலம்பிக்கொண்டே வந்தாராம்.

அந்த ஆறு அங்குலத்தை வாங்கத்தான் இந்தக் கோடை முழுவதும் போனது. வேனைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் கிட் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. என் கைப்பருமனில் ஸ்பிரிங்குகள், நீட்டி வளர்த்த ஷாக் அப்சர்பர்கள், பிறகு டயர்கள். ஒவ்வொரு டயரும் என் இடுப்பு உயரம். பார்த்ததும், "இது வேனுக்கா, விமானத்துக்கா?" என்று கேட்டேன். மெர்லுக்குக் கோபம் வந்துவிட்டது.

இந்த வேலையை வாசலில் வைத்துச் செய்ய முடியாது. வீட்டு முன்னால் வண்டி ரிப்பேர் பார்க்கக் கூடாது, தெருவில் போகிறவர் கண்ணில் கிரீஸ் படக் கூடாது என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. சங்கச் செயலாளர் டெல்ஃபின் க்ரோக், மேயர் என்று பெயர் வைத்த ஒரு குட்டி நாயைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் தெருவை வலம் வருவாள். மோப்பம் பிடிப்பது நாயா அவளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அதனால் மெர்ல் வேனைக் கேரேஜுக்குள் விட்டு, பெரிய கதவைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அந்தக் கதவின் மேல்சட்டத்துக்கும் வேனின் கூரைக்கும் நடுவில் இரண்டு விரல்தான் இடைவெளி. அந்த இரண்டு விரலைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

கூட வேலை செய்தவன் பாய்ட், அவரோடு லாரி ஓட்டியவன். இங்கே இப்படிப்பட்ட உதவிக்குக் கூலி கிடையாது. பீட்சாவும் பீரும் வாங்கி வைத்துவிட்டால் ஆள் வருவான், தீர்ந்ததும் போவான். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

"ரோவீனா, லைட்ட ஆட்டாத."

"நான் ஆட்டல. உன் கைதான் நடுங்குது."

"பேசாம பிடி. ஸ்பிரிங் தெறிச்சா பாய்டோட பல்லு போயிரும்."

"இருக்கிறதே மூணு பல்லு, பயப்படாம விடு" என்றான் வேனுக்கு அடியிலிருந்து பாய்ட்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி நட்டும் முறுக்கியாயிற்று. ஜாக்கியை இறக்கியதும் வேன் அந்தப் பெரிய டயர்களின்மேல் நிமிர்ந்து நின்றது. கிரீஸ் கையோடு அதன் கதவைத் தடவிக் கொடுத்தார் மெர்ல். பீட்சா, பீருக்கு மேலே பாய்டுக்கு ஓர் ஆசை. கழற்றிய பழைய சக்கரங்கள் நாலும் அவனுடைய குதிரை டிரெய்லருக்குச் சரியாக இருக்கும் என்றான். "எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு அந்தப் பொம்மைச் சக்கரம்?" என்றார் மெர்ல். பக்கத்திலிருந்த சின்னக் கதவு வழியாக அவற்றை உருட்டிக்கொண்டு போய் ஏற்றிக்கொண்டு, பாய்ட் நேராக மலைக்கு எல்க் மான் வேட்டைக்குப் போய்விட்டான். அங்கே போன் எடுக்காது.

இதற்கு முன்பே மெர்ல் என் காரை வாங்கிக்கொண்டு போய், மக்கிட்ரிக் மலைப்பாதை தொடங்கும் இடம் வரைக்கும் வழியிலுள்ள அத்தனை பாலத்தையும் கூரையையும் கிளையையும் புதிதாக அளந்து வந்திருந்தார். "ஒரு எடத்துலயும் இடிக்காது. தாராளம்!" என்று லோர்னாவிடம் சொல்லி அவளைக் கட்டிப்பிடித்தார்.

சனிக்கிழமை காலை. லோர்னா சிவப்புக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, மாட்டிறைச்சி சில்லிக் குழம்பு நிறைந்த பானையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மெர்ல் வேனைக் கிளப்பினார். கேரேஜ் கதவு முனகிக்கொண்டே மேலே போயிற்று. வேன் ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. மெர்ல் இறங்கினார். மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கதவின் மேல்சட்டத்தைவிட வேனின் கூரை ஒரு கையகலம் உயரமாக இருந்தது.

"கதவு ஏழடி" என்றார் மெர்ல், செத்த குரலில்.

"என்ன ஆச்சு? ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டாள் லோர்னா.

"உன் புருஷன் உலகத்துல இருக்கிற பாலத்தையெல்லாம் அளந்துட்டு, சொந்த வீட்டுக் கதவ விட்டுட்டாரு" என்றேன்.

லோர்னாதான் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, "பனி எப்போன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். நாளை சாயங்காலம் என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முதல் பனி விழுந்ததும் வனத்துறை பாதையின் கேட்டைப் பூட்டிவிடும். திறக்க ஜூன் ஆகும். ஜூனில் அவள் கண் எப்படியிருக்குமோ யாருக்குத் தெரியும்? எனக்கு மெர்லை அடிக்கலாம்போல் வந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஒரு நாளில் ஆகிற காரியமில்லை. பழைய சக்கரம் மலையில் பாய்டோடு இருக்கிறது. என் காரோ தரையைத் தடவிக்கொண்டு போகிற ஜாதி. யாரிடமாவது ஜீப் கேட்கலாம் என்றேன்.

"போகலாம். ஆனா வேற வண்டியில போனா, இந்த மனுஷன் அதுக்கப்புறம் சோறு தின்ன மாட்டான்" என்றாள் லோர்னா.

டயர்களில் காற்றை இறக்கினோம். வேன் பெருமூச்சு விட்டு இறங்கியது. அப்படியும் மூன்று விரல் பாக்கி. "இன்னும் எறக்கினா டயர் ரிம்ம விட்டுக் கழண்டுக்கும்" என்றார் மெர்ல். சரி, பாரம் ஏற்றி அமுக்குவோம் என்று நான் தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தேன். சனிக்கிழமையாதலால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். காப்பிக் கோப்பையோடு சிலர், தட்டில் பான்கேக்கோடு சிலர், சமையலறை ஸ்டூலில் கால் வைத்து ஏறி வேனுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மெர்ல் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ரோவீனா! இத்தனை பேர் ஏறியும் ஒரு விரல்கூட எறங்கல. சரக்குன்னா இது சரக்கு!"

"மெர்ல், எறங்கணும்னுதான் ஏத்தியிருக்கோம்" என்றேன். அவருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து டெல்ஃபின் வந்து சேர்ந்தாள். கேரேஜ் கதவு காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது, இது விதிக்கு விரோதம் என்றாள். வேன் வெளியே வந்தால் மூடிவிடுகிறோம் என்றேன். அவள் யோசித்தாள். கதவு மூட வேண்டுமென்றால் வேன் வெளியே வர வேண்டும், வேன் வெளியே வர வேண்டுமென்றால் பாரம் வேண்டும். "அப்போ நானும் ஏறணும்" என்று சொல்லி, மேயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். விதிக்காக இப்படியும் ஒருத்தி! ஸ்பிரிங் அவளுக்கும் மசியவில்லை.

மெர்ல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கதவின் மேல்சட்டத்து அடிப்பலகையை அறுத்துவிட்டால் போதும். வேன் ஜன்னலிலிருந்து டெல்ஃபினின் தலை வெளியே வந்தது.

"வீட்டு முகப்புல மாத்தம் பண்ண சங்கத்தோட அனுமதி வேணும். அடுத்த கூட்டம் நவம்பர்ல."

"நவம்பர்ல பாதை பூட்டியிருக்கும், டெல்ஃபின்" என்றார் மெர்ல்.

"விதிய நானா எழுதினேன்?"

லோர்னா பானையை இறுக்கிக்கொண்டு, வழக்கம்போல் யார் காதுக்கோ அப்பால் பார்த்தபடி நின்றாள். டெல்ஃபின் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து நாயின் கழுத்தைச் சொறிந்தாள்.

"விபத்துன்னா அனுமதி தேவையில்ல, இல்லையா மேயர்? ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணா போதும்" என்று நாயிடம் சொன்னாள்.

மெர்லுக்கு மட்டும் புரியவில்லை. "விபத்து எப்படி வரும்? நான்தான் எதுலயும் இடிச்சதே இல்லையே" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்து, கியர் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். வேன் நகரவில்லை. அவர் கால் பிரேக்கை விட மறுத்தது. "முடியல ரோவீனா" என்றார், அழுகிற குரலில். ஆயுள் முழுக்க இடிக்காமலே பழகிய காலுக்கு இடிக்கத் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

லோர்னா பானையை என் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் எறங்குங்க. மெர்ல், நீயும்."

"லோர்னா, உன்னோட லைசென்ஸ திருப்பிக் குடுத்தாச்சே!"

"என் வீட்டுக் கேரேஜுல ஓட்ட எதுக்கு லைசென்ஸ்?"

"நேரா இருக்கிறது எதுவும் உனக்குத் தெரியாதே!"

"பின்னாலதானே போறேன். கண்ணாடி ரெண்டும் ஓரத்துல இருக்கு. ஓரம் உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

ஸ்டூலில் கால் வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். மிதித்தாள்.

சத்தத்தில் மேயர் குரைப்பதையே மறந்துவிட்டது. பலகை பிளந்து தெறித்தது, வேன் கூரையிலிருந்த மின்விசிறியின் மூடி உருண்டு வந்து டெல்ஃபினின் காலடியில் நின்றது. தூசி அடங்கியபோது வேன் வெளியே வெயிலில் நின்றது. தெருவே கைதட்டியது. டெல்ஃபின் மூடியை எடுத்து என்னிடம் கொடுத்து, "விபத்து. நானே பாத்தேன்" என்றாள்.

மெர்ல் அண்ணாந்து, கூரை நெடுகிலும் விழுந்திருந்த கீறலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இடிச்சது நீ இல்ல, நான். உன் பேரு சுத்தமாத்தான் இருக்கு. ஏறு" என்றாள் லோர்னா.

என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். காற்றடித்துக்கொண்டு கிளம்பினோம். அந்தப் பாறையைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை. "பாறை எப்போ வரும்?" என்று லோர்னா கேட்டபோது அது எங்களுக்குப் பின்னால் போயிருந்தது.

மறுநாள் விடியலில் முனையின் விளிம்பில் அந்தச் சமையலறை ஸ்டூலைப் போட்டு மெர்ல் அவளை உட்காரவைத்தார். பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரின் உச்சியில் வெளிச்சம் பட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. லோர்னா முகத்தைத் திருப்பவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமும் தெரியாமல் போய்விட்டது, தாமதமாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு கண்ணு, அப்பத்தானே தெரியும்" என்றார் மெர்ல்.

"இரு. சுத்தி ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. நடுவுலதான் ஒண்ணும் தெரியல." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு நடுவுல என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

மெர்ல் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. வெறும் காத்து."

"அப்போ நாம மூணு பேரும் ஒரே மாதிரிதான் பாக்கறோம்" என்றாள் லோர்னா.

அந்தப் பள்ளம் எத்தனை அடி ஆழம் என்பது மெர்லுக்குத் தெரியும். அவர் சொல்லிவிடுவார் என்று பயந்து நான் முழங்கையை ஓங்கி வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவள் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.