பாதியில் எடுத்த கார்னெட்

என் வீட்டுக்காரருக்குத் தனக்காக வாய் திறக்கத் தெரியாது. எனக்கு எரிச்சலே அதுதான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கல் தேய்ப்பது அவர் வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். இந்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. கிரானைட்டுக்குள் ஓடும் பெக்மடைட் பாறையிலிருந்து பட்டாணி அளவு கார்னெட் படிகங்கள் வரும். படிகம் நடுவிலிருந்து வெளியே அடுக்கடுக்காக வளருமாம். அடுக்குக்கு அடுக்கு மாங்கனீஸ் மாறுமாம். அதை அளக்க, கல்லைப் பிசினில் பதித்து, நட்டநடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். முன்பே நிறுத்தினால் வெளி அடுக்கு மட்டும்தான் கிடைக்கும். இதெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றதில்லை, சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. ரொட்டியைக்கூட அளந்து வெட்டுகிற மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் கொடுத்த கல்லை நம்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை மாங்கனீஸ் ஒரே அளவு என்று ஆராய்ச்சி மேடம் ஒரு கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிட்டார். "நடுவரைக்கும் தேச்சீங்களா?" என்று யாரோ கேட்க, மேடத்தின் மானம் போயிற்று. பிறகு இவர் அதே கல்லை இன்னும் அரை மில்லிமீட்டர் தேய்த்தார். நடுவில் மாங்கனீஸ் இரண்டு மடங்கு இருந்தது.

இயக்குநர் விளக்கம் கேட்டார். இந்த மகராசன் "என் தப்புதான்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நிரந்தரம் கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்களாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தாங்க? மேடம்தான் அவசரப்படுத்தினாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க அவசரப்படுத்தலையே." பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நகக்கண்ணில் இருந்த தேய்ப்புப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னே? நீங்க அளக்காம விடற ஆளா?"

"அதை விடு."

"விடமாட்டேன். யாருன்னு சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு நாலு தடவை போன் வந்துச்சு. 'கல்லாவது மண்ணாவது, உடனே கிளம்பி வாங்க'ன்னு. போதும்னு எடுத்துக் கொடுத்துட்டு ஓடி வந்தேன்."

அது என் பேச்சு. ஜன்னல் திரைக்கு நிறம் பார்க்க அவர் வந்தே ஆகவேண்டும் என்று துணிக்கடையில் நின்றுகொண்டு போன் அடித்தது நான்தான். கடை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மூச்சிரைக்க வந்தவர் நீலம் நன்றாக இருக்கிறது என்றார். நான் பழுப்பைத்தான் வாங்கினேன்.