என் வண்டியில் மீன் இல்லை!

என் பைக்கின் ஹாரன் "பீப்" என்றுதான் கத்தும். அது கத்தினால் பக்கத்தில் மேயும் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. வாங்கும்போதே வந்தது அப்படித்தான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை... அந்த டிராக்டர் குறுக்கே வரும்வரை!

பசுவந்தனையைத் தாண்டி உள்ளே போகும் குறுகலான ரோடு. ஞாயிறுதோறும் கோவில்பட்டியிலிருந்து அக்கா வீட்டுக்கு நான் போகும் வழி. அன்றைக்கு முன்னால் ரோட்டையே அடைத்துக்கொண்டு, சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர். டிரைவர் பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஆனந்தமாகப் போகிறார். நான் பின்னால் பீப், பீப், பீப்... அவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

ஓரமாக ஏறிப் போய்விடலாம் என்று வண்டியைக் கரிசலில் இறக்கினேன். முந்தின நாள்தான் மழை. மழை பெய்த கரிசலில் பைக்கை இறக்குகிறவனை எங்கள் பக்கம் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்து, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. வண்டியும் நானும் சேர்ந்து சாய்ந்தோம். அடி படவில்லை. மானம்தான் போனது.

வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து என் மனைவி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு, நல்ல சத்தமா ஒரு ஹாரன் மாட்டுங்க. இல்ல, பஸ்ல போங்க."

அந்த பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஹாரன்தான் என்று முடிவு செய்தேன்.

ஹாரன்களில் இத்தனை ரகம் உண்டா? மெக்கானிக் மாரியப்பன் கடையில்தான் தெரிந்தது. தட்டு மாதிரி ஒன்று, நத்தை மாதிரி சுருண்ட ஒன்று, குழாயும் மோட்டாருமாகக் காற்றை அழுத்தி ஊதுகிற ஒன்று. பெஞ்சில் ஒரு பழைய பேட்டரி. அதில் வயரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றையும் அலற விட்டார். எதிர்த்த டீக்கடையில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த டீயைச் சட்டையில் சிந்திவிட்டு எங்களை முறைத்தார்.

"அண்ணாச்சி, எதுக்குக் கேக்குதீய? முன்னால போறவன் வெலகணுமா, பயந்து திரும்பிப் பாக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாவும்? அவன் பயந்து திரும்புனாம்னா வண்டியும் கூடச் சேந்து திரும்பும்லா!"

நியாயம்தானே? காற்று ஹாரன் வேண்டாம், போலீஸ்காரர் பிடிப்பார் என்று அதை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கடைசியில் நத்தை ஜோடி. ஒன்று கட்டைக் குரல், இன்னொன்று கீச்சுக் குரல், இரண்டும் ஒன்றாகக் கத்தும். ஏன் இரண்டு? எவ்வளவு கரண்ட் இழுக்கும்? இடையில் வைக்கிற அந்தச் சின்னப் பெட்டி எதற்கு? நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதன் பெயர் ரிலேயாம். அது இல்லாமல் நேராகக் கொடுத்தால் வயர் கருகிவிடுமாம். மனிதர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே ஸ்பேனரைத் திருகினார்.

"தைரியமா மாட்டுங்க அண்ணாச்சி. கடக்கரப் பக்கம் நெறையப் பேரு இதத்தான் மாட்டுதாவ."

இத்தனை கேள்வி கேட்டவன், "யாரு, எதுக்கு?" என்று இன்னும் ஒன்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே!

பட்டனை முதல்முறை அழுத்தினேன். பாஆஆம்! அடேயப்பா... எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம். வீடு வரை தேவையே இல்லாமல் அடித்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்குள் நுழைகிறேன். தெருமுனையில் வெள்ளாடுகள் படுத்திருக்கின்றன. பாஆஆம்! ஒரு ஆடு அசைந்தால்தானே? ஆனால் வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒன்று, இரண்டு என்று இல்லை... தெரு முழுக்க! கையில் ஏனமும் சட்டியுமாகப் பெண்கள். காலடியில் பூனைகள்.

"என்ன மீன் கெடக்கு?" என்றார் முதல் வீட்டுப் பெண்மணி, என் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே.

"மீனா? எங்கிட்ட மீன் இல்லையே!"

"மீன் இல்லாம என்னத்துக்கு ஹாரன் அடிக்கீய?"

இந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கடற்கரையிலிருந்து சூசை என்று ஒரு மீன்காரர், மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார். அவர் வண்டியில் இருப்பதும் அதே நத்தை ஜோடி. அதே பாஆஆம். நான் அக்கா வீடு போய்ச் சேர்ந்து அரைமணி கழித்து அவர் வருவார். உள்ளே சாப்பாட்டில் இருந்த நான் அந்தச் சத்தத்தை ஒருநாளும் கவனித்ததில்லை. ஹாரன் என்றால் "விலகு" என்று அர்த்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவிலோ அதற்கு "வா" என்று அர்த்தம்!

முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு மறந்துபோய் மறுபடி அடித்துத் தொலைத்தேன். மறுபடி கதவுகள், சட்டிகள், பூனைகள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அரைமணி கழித்து நிஜமான பாஆஆம் கேட்டது. தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அக்காவும் எழுந்திருக்கவில்லை. "எவனோ உன்ன மாரி ஒருத்தன் போறான்" என்றாள். ஆள் வராத தெருவில் மீன்காரர் எத்தனை நேரம் நிற்பார்? ஐஸ் நிற்குமா? போய்விட்டார்.

சாயங்காலம் நான் கிளம்பும் நேரம், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார் சூசை. ஒடிசலான ஆள். சண்டை போடத்தான் வந்திருக்கிறார், ஆனால் சண்டை போடத் தெரியாத ஆள்.

"அண்ணாச்சி, நீங்க ஹாரன மாத்துதீயளா, இல்ல நான் ஊர மாத்தட்டுமா?"

எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது.

"இந்தத் தெருவ நம்பித்தான் ஞாயித்துக்கெழம கூட ஒரு பெட்டி எடுத்துட்டு வாரேன். இன்னைக்கு அம்புட்டு சாள மீனும் அப்படியே கெடக்கு. உப்புப் போட்டுக் காயவைக்கணும். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா இந்தப் பக்கம் வண்டிய விட முடியாது."

"நாளைக்கே கழட்டிருதேன் சூசை."

"கழட்டி என்ன செய்ய? இனி நான் அடிச்சாலும் நீங்கதாம்னு உள்ளயே இருப்பாவளே!"

அட, ஆமாம்! அவர் ஹாரனையும் மாற்ற முடியாது. சுற்றுப்பட்டி ஊர்களின் காது மொத்தமும் அதற்குப் பழகிக் கிடக்கிறது. என்னுடையதைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது. நான் கெடுத்த நம்பிக்கையை யார் திருப்பி மாட்டுவது? எந்தக் கடையில் அதற்கு ஸ்பேனர் கிடைக்கும்? என்னால் ஒரு மனிதரின் பிழைப்பு இப்படிச் சிக்கிக் கிடக்கிறதே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

வழியைச் சூசைதான் சொன்னார். "அடுத்த ஞாயிறு ஊர் முகப்புல நில்லுங்க. நீங்க முன்னால அடிச்சுட்டுப் போங்க. நான் பின்னாலயே வாரேன். திட்டுததுக்காவது கதவத் தொறப்பாவல்லா?" அதற்கப்புறம் மாரியப்பனிடம் போய் வேறு குரலுக்கு மாறிக்கொள்வதாக நானும் வாக்குக் கொடுத்தேன்.

போன ஞாயிறு அந்த ஊர்வலம் நடந்தது. முன்னால் நான், பின்னால் சூசை. பாஆஆம்! தெரு அமைதியாக இருந்தது. இன்னொரு தடவை... பாஆஆஆம்! படக்கென்று ஒரு கதவு திறந்தது. முதல் வீட்டுப் பெண்மணி, கையில் விளக்குமாறு.

"இன்னைக்கும் வந்துட்டீயளா? ஒரு மனுசனுக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் சூசை பெட்டியைத் திறந்துவிட்டார். நல்ல வெள்ளிச் சாளை, நெத்திலி. அவ்வளவுதான், விளக்குமாறு உள்ளே போய்ச் சட்டி வெளியே வந்தது. "ஏட்டி, நெசமாவே மீன்தான்!" என்று அவர் போட்ட சத்தம் என் நத்தை ஜோடியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கதவுகள் மளமளவென்று திறந்தன. சூசை என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார். அப்புறம் அவருக்கு என்னைப் பார்க்க நேரம் இல்லை.

ஊரையே ஒன்றுசேர்த்த பெருமையோடு அக்கா வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தினேன். அவளும் சட்டியோடு வெளியே வந்தாள். பார்வை என்னைத் தாண்டித் தெருவில் இருந்தது.

"ஏலே, மீனும் வருதா, நீ மட்டுந்தானா?"

"வருதுக்கா. பின்னாலயே வருது."

"அப்ப என்னத்துக்கு வழிய மறிச்சுட்டு நிக்க? ஓரமாப் போலே!"

ஓரமாகப் போனேன்.