நூற்றுக்கு எண்பது, சிரிலோ மொஹிக்கா

கரும்பாலைக் குடியிருப்பின் பேஸ்பால் மைதானத்துச் சுவரில் பெயர் ஏற வேண்டுமானால் ஓய்வு பெறும் நாளில் திருட்டுக் கணக்கு நூற்றுக்கு எண்பதுக்குக் குறையக் கூடாது. யாரும் பந்தை அடிக்காதபோதே, பிட்சர் அதை வீசும் நேரம் பார்த்து, பந்து வந்து சேருமுன் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு. சிரிலோ மொஹிக்கா பத்தொன்பது வருஷத்தில் தொண்ணூற்றொன்பது முறை ஓடி, எழுபத்தொன்பது முறை தப்பியிருந்தான். இன்னொன்று வேண்டும். வயது நாற்பத்தொன்று. அன்றைய ஞாயிறோடு அவன் ஓய்வு பெறுகிறான்.

வார நாட்களில் அவன் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். பின்னால் ஏறியவர்கள் இறங்குவதற்குள் கணக்கை ஒப்பித்துவிடுவான். பிடிபட்ட இருபதில் பதினொன்று அம்பயர்களின் தப்பு. ஒன்று ஆட்டின் தப்பு.

"கல்யாண நாள் ஞாபகம் இல்ல. ஆடு குறுக்கே வந்த தேதி மட்டும் ஞாபகம் இருக்கு" என்பாள் மனைவி நெரெய்தா.

கடைசிச் சுற்று வந்தது. சிரிலோவின் அணி மூன்று ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட்; இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. சிரிலோ முதல் தளத்தில் நின்றான். மட்டையோடு நின்றவன் ஓசிரிஸ், ஊரிலேயே தூரமாக அடிப்பவன். இந்த நிலையில் திருடி அணிக்குக் காலணா லாபமில்லை.

"அண்ணே, அசையாம நில்லு!" என்று கத்தினான் ஓசிரிஸ்.

சிரிலோ ஓடினான். புழுதி பறக்கச் சறுக்கி இரண்டாம் தளத்தைத் தொட்டான். தலை தூக்கினால், பந்தை யாரும் எறியவே இல்லை. மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் எதிரணி கேட்சர் வில்கின், நெரெய்தாவின் தம்பி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

கணக்கு எழுதுவது சலூன்காரி மெல்பா. மேடையிலிருந்தே சொன்னாள்:

"இது கணக்குல சேராது. தடுக்க யாரும் பார்க்கலேன்னா அது சும்மா நடந்து போனது."

"ஏண்டா மாப்ள எறியல?"

"பாசத்துல விட்டேன் மச்சான்."

"உன் பாசத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு! எறிடா!"

"எதுக்கு? மூணு ஓட்டம் முன்னாடி இருக்கோம்."

சிரிலோ இடுப்பில் கை வைத்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "உனக்குக் கையில பலம் இல்லேன்னு உங்க அக்கா அப்பவே சொன்னா. பந்து பிட்சர் வரைக்கும் போறதே பெரிசாம்!"

"நான் எப்போ சொன்னேன்?" என்று நெரெய்தா எழுந்து நின்றாள். ஆனால் வில்கினின் காது சிவந்துவிட்டது.

அடுத்த பந்துக்கு சிரிலோ பாய்ந்தான். வில்கின் தோள் கழலும் வேகத்தில் மூன்றாம் தளத்துக்கு எறிந்தான். சிரிலோ வயிற்றால் சறுக்கினான். கையும் பந்தும் மயிரிழை முன்பின். அம்பயர் கைகளை அகல விரித்தார். தப்பித்துவிட்டான்!

சிரிலோ எழுந்தான். மேடையைப் பார்த்து, "மெல்பா! எழுதினியா?" என்று கேட்டபடி இரண்டடி நடந்தான்.

தளத்தை விட்டு.

மூன்றாம் தளக்காரன் பந்தோடு வந்து அவன் முதுகில் நிதானமாகத் தட்டினான். அவுட். ஆட்டம் முடிந்தது. ஓசிரிஸ் மட்டையைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றான்.

"நான் இப்போ என்ன பண்றது? வீட்டுக்குப் போகவா?"

சிரிலோவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"மெல்பா, தாயே, சொல்லு. இது எப்படி?"

மெல்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கீழே இருபத்தைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள். பாதிப் பேர் அவனை அடிக்க.

"தளத்துல போய் நின்னுட்ட. அது நூறுல எண்பது. அப்புறம் எழுந்து வந்து என்கிட்ட கேள்வி கேட்டியே, அது உன் முட்டாள்தனம். அதுக்கு என் நோட்டுல கட்டம் இல்ல."

விதி விதிதான். பெயர் எழுதத்தான் வேண்டும். எந்த இடத்தில் என்பதற்கு விதி கிடையாது. அதை ஓசிரிஸ் முடிவு செய்யட்டும் என்று அணி ஒரே குரலில் சொன்னது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எழுதவைத்தான்.

இப்போதெல்லாம் சிரிலோ சவாரி போகும் வழியில் மைதானத்தருகே வண்டியை நிறுத்திவிடுகிறான்.

"ஒரு நிமிஷம் இறங்குங்கம்மா. உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். புல்லை நான் விலக்கிப் பிடிக்கிறேன்."