அருவிக்கு இடுப்பைக் கொடுத்தேன்

இலஞ்சியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக இடுப்புவலி. இனி வாலிபால் ஆடவே முடியாதோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

சாரல் தொடங்கியதும், எங்கள் ஊரார் எல்லா வலிக்கும் செய்வதுபோல், குற்றாலத்துக்கு ஓடினேன். எண்ணெய் மசாஜ் முடித்துவிட்டு, மெயின் அருவியில் தண்ணீர் ஓங்கி விழும் இடமாகப் பார்த்து இடுப்பைக் காட்டினேன். ஆஹா, என்ன சுகம்! வெளியே வரத் திரும்பினால் நிமிர முடியவில்லை.

"ஏலே, கும்பிட்டது போதும், வாலே! பின்னாடி கூட்டம் நிக்குது" என்றான் நண்பன் முருகன்.

"கும்பிடலலே, இடுப்பு பிடிச்சிட்டு!"

ஆட்டோவில் தென்காசிக்கு, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனான். அவர் காலைத் தூக்கி, மடக்கிப் பார்த்தார். நல்லவேளை, நரம்பில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்புதான்.

"எவ்வளவு நாள் படுக்கணும் மேடம்?"

"படுக்கவா? உக்காந்து உக்காந்துதான இப்படி ஆச்சு! மெதுவா எந்திரிச்சு நடங்க. மசாஜ், ஒத்தடம்லாம் கொஞ்ச நேரச் சுகம். இடுப்புக்குப் பலம் வேணும்னா உடற்பயிற்சிதான்."

மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இப்போது அதைத் தினமும் செய்கிறேன். ஆபீஸ் போன் வந்தால் நடந்துகொண்டே பேசுகிறேன். அருவியில் ஓரமாக நிற்கிறேன்.

நேற்று மைதானத்தில் எகிறிப் பந்தை அடித்தேன். பந்து வலையில் போய் விழுந்தது, ஆனால் இடுப்பில் வலியே இல்லை. "போச்சுல, பாயிண்ட்டு போச்சு!" என்று முருகன் கத்தினான். நான் மறுபடியும் எகிறிக் குதித்தேன், பந்தே இல்லாமல்!