ரஸ்தா வரைக்கும்

அம்மா திருச்செந்தூருக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டது என் காலுக்காக. திருப்பத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் நான் கிடந்தபோது, இவன் நடக்கட்டும், உன் வாசலுக்கு நான் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டார். நான் நடந்தேன். அதே பைக்கில் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்குத்தான் ஐப்பசி வந்தால் ஏதாவது ஒன்று குறுக்கே நின்றது. ஒரு வருடம் நடவு. ஒரு வருடம் மாதத் தீட்டு, மாலையைப் பாதியில் கழற்ற வேண்டியதாயிற்று.

"நீ நடந்துட்ட. நான் இன்னும் நடக்கலயேப்பா" என்பார், சோறு போடும்போது, ரசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

அம்மாவின் பெயர் பாண்டீஸ்வரி. காரைக்குடிக்குப் பஸ் ஏறுவதைத் தவிர ஊரைத் தாண்டியதில்லை. மாதத் தீட்டு நின்றுபோன இந்த வருடம், அமராவதிபுதூரிலிருந்து கிளம்பும் கூட்டத்தில் சேர்ந்தார். குருசாமி கார்த்திகேய சிவம் மாலை போட்டுவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் புறப்பட்டால் சூரசம்ஹாரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு. அம்மா பச்சைச் சேலை எடுத்தார். பையின் முதுகில், இருட்டில் லாரிக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி, மின்னும் ஸ்டிக்கரை என்னை ஒட்டச் சொன்னார். விடியலில் செருப்பில்லாமல் தேவகோட்டை ரஸ்தா முக்கு வரைக்கும் நடந்து திரும்புவார். மழை கழுவிவிட்ட தார்ரோட்டில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வந்து வாசற்படியில் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார், வேறு யாருடைய பாதத்தையோ பார்ப்பது போல.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் பெரியப்பா மாயக்கண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பெரியம்மா இல்லை, மகன் வீரணன் சிங்கப்பூரில். நடுச்சுவர் தகராறில் அவரும் அம்மாவும் பேச்சை விட்டுப் பல வருடம். ஆனால் பங்காளி பங்காளிதான். அவர் போய்விட்டால் எங்கள் வீட்டுக்கும் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது, போட்ட மாலையைக் கழற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கஞ்சி ஊற்ற மூக்கில் போட்ட குழாயை அவரே பிடுங்கி எறிந்தார். அன்று சாயங்காலம் அம்மா கஞ்சியைக் கரைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனார்.

"வாயத் தொறங்க மச்சான்."

இத்தனை வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு. அவர் திறந்தார்.

அதற்குப் பிறகு வேளைக்கு வேளை கஞ்சி. வடிந்ததைத் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகுக்குப் பவுடர் தடவி, மூச்சு எப்படி வருகிறது என்று குனிந்து கேட்டுவிட்டு வருவார். நடைப் பழக்கமும் நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி ஒருநாள் குழாயடியில் கேட்டேவிட்டார்.

"ஏன்டி, நீ மச்சானுக்கு ஊத்துறியா, திருச்செந்தூருக்கு ஊத்துறியா?"

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தேன்க்கா."

சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு இல்லை.

பெரியப்பா தேறினார். கன்னத்தில் சதை தெரிந்தது. தீபாவளி நெருங்க நெருங்க, அம்மா இல்லாத நாட்களுக்காக மற்றவர்கள் பழக வேண்டியிருந்தது. முதலில் அப்பா ஸ்பூனை நீட்டினார். பெரியப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் நீட்டினேன். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சம்பளத்துக்கு வைத்த ஒரு அக்காவிடமும் அதே கதை. வீரணன் போனில் கெஞ்சினான், அது காதில் ஏறவில்லை. ஒருநாள் முழுக்க அம்மா வேண்டுமென்றே போகாமல் இருந்து பார்த்தார். இருட்டியதும் பெரியப்பாவின் நாக்கு வறண்டு வெளுத்திருந்தது. அம்மா ஓடினார். காலடிச் சத்தம் கேட்டதுமே வாய் திறந்திருந்தது என்றார் அப்பா.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் கூட்டம் வேலோடு எங்கள் வாசலில் நின்றது. அம்மா பச்சைச் சேலையில், பையை மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குருசாமி நிலைமையைக் கேட்டுக்கொண்டார்.

"சாவு விழுகல. தீட்டு இல்ல. மாலை கழுத்துல இருக்கு. ஒங்களத் தடுக்க ஒண்ணுமே இல்லயேம்மா."

"ஒண்ணும் இல்லதான் சாமி" என்றார் அம்மா.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போகச் சொல்லவும் முடியாமல், இருக்கச் சொல்லவும் முடியாமல், அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை பெயர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரோகரா சொல்லிக் கூட்டம் நகர்ந்தது. அம்மாவும் அதோடு நடந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, நான் வண்டியை எடுக்காமல் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். அம்மா குனிந்த தலை நிமிராமல், மற்றவர்களின் குதிகாலைப் பார்த்தபடியே நடந்தார். ரஸ்தா வந்தது. கூட்டம் மேலே போனது. அம்மாவின் கால்கள், தினமும் திரும்புகிற இடத்தில், தானாகவே நின்றன.

வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, ஆறிப்போன கஞ்சியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனார். மாலையைத் திருச்செந்தூர்க் கடலில் குளித்துத்தான் கழற்ற வேண்டும். அது இன்னும் கழுத்திலேயே கிடந்தது. குனியும்போது பெரியப்பாவின் முகத்தில் இடிக்காமல் அதை இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்பூனை நீட்டினார்.

பெரியப்பா வாயைத் திறந்தார்.