உருளைக்கிழங்குக்கு வந்த அழுகை

2010 வாக்கில் புனே பக்கம் தேஹு ரோட்டில், ஒரு லாரி செட்டில் கிளீனராக இருந்தேன். வயது முப்பத்தாறு. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. லாரி டிரைவராக வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. செட்டுக்குள் எந்த வண்டியையும் ஓட்டுவேன். சுவருக்கு ஒரு சாண் விட்டு ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவேன். ஆனால் கேட்டுக்கு வெளியே ஓட்ட லைசென்ஸ் வேண்டுமே? எட்டாவது பாஸ் செய்திருந்தால்தான் உண்டு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "இன்னும் போடலை" என்று மழுப்பியே சில வருடங்களை ஓட்டினேன்.

பக்கத்து வீட்டு நண்பனும் அங்கேதான் கிளீனர். எட்டாவது படித்தவன். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவன் லைசென்ஸ் வாங்கி எங்கள் செட்டிலேயே டிரைவரானான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீடுகளிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டான்.

எங்கள் லைனில் எந்த விசேஷம் என்றாலும் காய் நறுக்குவது ஆண்கள் வேலை. போகாவிட்டால் பொறாமை என்று நினைப்பானோ என்று காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பொறாமை இருக்கத்தான் செய்தது.

என் பங்குக்கு வெங்காயம் வந்தது. அங்கே நாங்கள் காந்தா என்போம். நறுக்க நறுக்கக் கண்ணில் நீர் வந்தது. முதலில் அது வெங்காயத்தால்தான். பிறகு நிற்கவே இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்த அன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. தலை நிமிராமல் கைக்குக் கிடைத்ததை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி அழுவுற?" என்றார் எதிரில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நண்பனின் மனைவி பாத்திரம் எடுக்க வந்தாள். என் பக்கம் குனிந்து, "அண்ணே, உங்க பங்கு காந்தா அப்பவே தீர்ந்துடுச்சு. நீங்க நறுக்கறது உருளைக்கிழங்கு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் உள்ளே போய் இன்னொரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நாசிக் காந்தா, காட்டம் ஜாஸ்தி. அண்ணனைச் சும்மா விடுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கூடை தீரும்வரை அழுதேன். அன்று சாம்பாரில் ஒரே வெங்காயம் என்று பலர் குறை சொன்னார்கள்.

பந்தியில் நண்பனுக்கு நான்தான் பரிமாறினேன். "எனக்கு லைசென்ஸ் கிடைக்காதுடா. எட்டாவது கேக்குறாங்க" என்று முதல்முறையாகச் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, நான் ரிவர்ஸ் எடுக்கறப்போ நீ பின்னாடி நிக்கணும். வேற எவன் நின்னாலும் எனக்குப் பயம்."

மறுநாள் அவன் வண்டியில் கிளீனராக ஏறினேன். பத்து வருடம் ஒன்றாக ஓடினோம். அன்று அழுது தீர்த்திருக்காவிட்டால், கிடைக்காத வேலையோடு, கூட இருந்த நண்பனையும் நான் இழந்திருப்பேன்.